வீட்டில் செய்த ஆர்கேட் பெட்டியில் டிவி படுத்தும் பாடு: கோளாறு வாரியாகத் தீர்வுகள்

சுவரில் மாட்டுவதற்கென்று செய்யப்பட்ட பொருள் டிவி. எதிரே ஒருவர் ரிமோட்டோடு உட்கார்ந்திருப்பார் என்ற நம்பிக்கையில், எப்போது எழுவது, எப்போது அணைவது, படத்தை எவ்வளவு இழுப்பது, எவ்வளவு பளபளப்பாக்குவது என்று பலவற்றை அதுவே முடிவு செய்துகொள்ளும். அதை ஆர்கேட் பெட்டியாக, அதாவது அந்தக்கால வீடியோ கேம் சென்டரில் இருந்ததுபோன்ற பிளைவுட் பெட்டிக்குள் வைத்து மூடியதும் அந்த முடிவுகள் ஒவ்வொன்றும் கோளாறாக வெளியே வரும். பெட்டி செய்கிறவர்கள் ஜாய்ஸ்டிக்கை மாற்றுகிறார்கள், மென்பொருளைத் திரும்பத் திரும்ப ஏற்றுகிறார்கள், ஆட்டத்தை ஓட்டும் கையடக்கக் கம்ப்யூட்டரான ராஸ்பெர்ரி பையைக் குறை சொல்கிறார்கள். காரணம் பெரும்பாலும் டிவியின் மெனுவுக்குள் இருக்கும்.

ஆகவே ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். பலகையை அறுக்கும் முன் டிவி, பை, பட்டன்களைப் பையோடு இணைக்கும் பட்டன் போர்டு மூன்றையும் மேஜைமேல் இணைத்து விளையாடிப் பாருங்கள். கீழே வரும் கோளாறுகளில் பாதிக்கு மேல் மேஜையிலேயே தெரிந்துவிடும். அங்கே சரிசெய்ய ரிமோட் போதும். பெட்டிக்குள் போனபின் ஸ்க்ரூ டிரைவரை எடுக்க வேண்டும்.

இங்கே நான் மனதில் வைத்திருப்பது நம் ஊரில் சாதாரணமாகக் கிடைக்கும் 32 இன்ச் எல்.இ.டி. டிவி, ராஸ்பெர்ரி பை அல்லது பழைய கம்ப்யூட்டர், பழைய ஆட்டங்களை அதில் ஓடவைக்கும் மென்பொருளான (எமுலேட்டர்) மேம் அல்லது ரெட்ரோபை. பழைய பிக்சர் டியூப் டிவி வைக்கிறவர்களுக்குக் கடைசியில் தனிப் பகுதி இருக்கிறது. அதில் உயிருக்கு ஆபத்தான விஷயம் ஒன்று உண்டு, தாண்டிப் போகாதீர்கள்.

மெயின் சுவிட்சைப் போட்டால் எல்லாம் எழுகிறது, டிவி மட்டும் எழவில்லை

இதுதான் எல்லோரும் முதலில் முட்டிக்கொள்ளும் இடம். அந்தக்கால வீடியோ கேம் சென்டர் பெட்டியில் ஒரே சுவிட்ச்தான்: போட்டால் ஆட்டம், அணைத்தால் இருட்டு. இன்றைய டிவிகள் பலவும் கரண்ட் வந்ததும் சிவப்பு விளக்கை மட்டும் காட்டிவிட்டு ஸ்டாண்ட்பையில் காத்திருக்கும்.

உங்கள் டிவி எந்த ரகம் என்று முதலில் பாருங்கள். டிவி ஓடிக்கொண்டிருக்கும்போதே சுவரிலுள்ள சுவிட்சை அணையுங்கள். அரை நிமிடம் கழித்துப் போடுங்கள். ரிமோட்டைத் தொடாதீர்கள். படம் தானாக வந்து, அதே எச்.டி.எம்.ஐ. இன்புட்டிலேயே நின்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். இந்தப் பகுதியை விட்டுவிடலாம். இனிமேல்தான் டிவி வாங்கப் போகிறீர்கள் என்றால் கடையிலேயே இதைச் செய்து காட்டச் சொல்லுங்கள். என்னைக் கேட்டால், ஆர்கேட் பெட்டிக்கு டிவி வாங்கும்போது பார்க்க வேண்டிய முதல் தகுதி இதுதான். படத்தின் தரமெல்லாம் அதற்குப் பிறகு.

சிவப்பு விளக்கோடு நின்றுவிட்டால், டிவியின் மெனுவில் ‘பவர் ஆன்’ தொடர்பான அமைப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். ஹோட்டல்களுக்காக வைத்திருக்கும் ‘ஹோட்டல் மோடு’ மெனுவில் இது பெரும்பாலும் இருக்கும். கரண்ட் வந்ததும் எழ வேண்டுமா, எந்த இன்புட்டில் எழ வேண்டும், சத்தம் எவ்வளவு என்று எல்லாவற்றையும் அங்கே குறித்துவைக்கலாம். அந்த மெனுவுக்குப் போகும் வழி மாடலுக்கு மாடல் மாறும். பக்கத்திலேயே இருக்கும் சர்வீஸ் மெனுவில் புரியாத எண்களைத் தொட வேண்டாம்.

அடுத்த வழி சி.இ.சி. எச்.டி.எம்.ஐ. கேபிள் வழியாகவே ஒரு கருவி டிவியை எழுப்பும் வசதி இது. சாம்சங் இதை எனிநெட் ப்ளஸ் என்றும், எல்ஜி சிம்ப்லிங்க் என்றும், சோனி பிராவியா சிங்க் என்றும் அழைக்கின்றன. ராஸ்பெர்ரி பை சி.இ.சி. பேசும். அது பூட் ஆகும்போது ‘எழுந்திரு’ என்ற கட்டளையை அனுப்பும்படி ஒரு வரி எழுதிவிட்டால் போதும். கட்டளை போகும் நேரத்தில் டிவி ஸ்டாண்ட்பைக்கு வந்திருக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே சுவிட்ச் என்றால் கட்டளைக்கு முன் பத்து இருபது விநாடி இடைவெளி விடுங்கள். சாதாரண கம்ப்யூட்டரின் கிராஃபிக்ஸ் கார்டுகள் பெரும்பாலும் சி.இ.சி. பேசாது.

இரண்டும் நடக்கவில்லை என்றால் டிவியின் பவர் பட்டனை வெளியே கொண்டுவர வேண்டியதுதான். டிவியின் அடியிலோ பின்பக்கத்திலோ ஒரு சின்ன போர்டில் அந்த பட்டன் இருக்கும். அதன் இரண்டு கால்களிலும் மெல்லிய ஒயரைப் பற்றவைத்து, பெட்டியின் பின்பக்கம் ஒரு புஷ் பட்டனில் முடித்தால், அதை ஒரு தட்டு தட்டினால் டிவி எழும். இங்கே வருவது குறைந்த மின்னழுத்தம்தான். ஆனால் பின்மூடியைக் கழற்றும் முன் பிளக்கைப் பிடுங்குங்கள், பத்து நிமிடமாவது விடுங்கள், பவர் சப்ளை இருக்கும் பக்கம் விரல் போகக் கூடாது. ஒரே போர்டில் வால்யூம், சேனல், பவர் எல்லாம் இருந்தால் அவை ஒவ்வொன்றும் வேறு வேறு மின்தடை வழியாக ஒரே ஒயரில் சேர்ந்திருக்கும். எனவே கனெக்டரில் பற்றவைக்காமல் பவர் பட்டனின் கால்களிலேயே பற்றவையுங்கள். சாலிடரிங் கைவராதவர்கள் பக்கத்து டிவி மெக்கானிக்கிடம் கொடுத்தால் சட்டென்று முடித்துக் கொடுத்துவிடுவார்.

ஸ்மார்ட் டிவியில் இன்னொரு தொல்லை: எழுந்ததும் எச்.டி.எம்.ஐ.க்குப் போகாமல் விளம்பரங்களும் ஆப்களும் நிறைந்த முகப்பில் நின்றுவிடும். கடைசி இன்புட்டில் எழும்படி அமைப்பு இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். அப்படி ஒன்று இல்லாத டிவி ஹாலிலேயே இருக்கட்டும். பெட்டிக்கு ஸ்மார்ட் இல்லாத மலிவான டிவியே மேல்.

டிவி எழுகிறது, ஆனால் ‘நோ சிக்னல்’

பை பூட் ஆகும் நேரத்தில் எச்.டி.எம்.ஐ. முனையில் டிவி விழித்திருக்கிறதா என்று பார்க்கிறது. டிவி அப்போது தூக்கத்திலிருந்தால் ‘யாரும் இல்லை’ என்று முடிவு செய்து படத்தையே அனுப்பாமல் விட்டுவிடும். சோதனை எளிது: டிவியை முதலில் போட்டு, படம் தெளிந்தபின் பையைப் போடுங்கள். அப்போது வேலை செய்தால் நோய் இதுதான்.

பழைய ரெட்ரோபை அமைப்புகளில் பூட் பகுதியிலுள்ள கான்ஃபிக் கோப்பில் ஹாட்பிளக்கைக் கட்டாயமாக்கும், அதாவது டிவி இணைந்திருப்பதாகவே எடுத்துக்கொள்ளச் சொல்லும் வரி ஒன்று இருக்கும். அதன் முன்னுள்ள குறியை நீக்கினால் போதும். புதிய ஓ.எஸ்.களில் பூட் கட்டளை வரியில் ரெசல்யூஷனைக் குறிப்பிட்டு, அதன் கடைசியில் ஆங்கிலப் பெரிய எழுத்து ‘டி’ சேர்க்க வேண்டும். பை 4-இல் இரண்டு எச்.டி.எம்.ஐ. முனைகள் உண்டு, பவர் கேபிளுக்கு அருகிலுள்ளதில்தான் சொருக வேண்டும்.

படம் வந்தும் நட்சத்திரம்போல் வெள்ளைப் புள்ளிகள் மினுக்கினாலோ, பெட்டியைத் தட்டினால் படம் போய்வந்தாலோ கேபிளைப் பாருங்கள். டிவிக்கும் பின்பலகைக்கும் இடையே நசுங்கி மடிந்திருக்கும். எல் வடிவ இணைப்பியைச் சேர்ப்பதைவிட, பலகையைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளுவது உத்தமம்.

ஆடிக்கொண்டிருக்கும்போதே டிவி அணைந்துவிடுகிறது

ரிமோட்டை யாரும் தொடவில்லை, ஆளே இல்லை போலிருக்கிறது என்று டிவி நினைத்துக்கொள்கிறது. பல டிவிகளில் 4 மணி நேரம் எந்த பட்டனும் அழுத்தப்படாவிட்டால் தானாக அணையும் அமைப்பு உண்டு. ஆட்டோ பவர் ஆஃப், ஸ்லீப் டைமர், எனர்ஜி சேவிங் என்ற பெயர்களில் இருப்பதையெல்லாம் நிறுத்திவையுங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்திலேயே அணைகிறது என்றால், பை ஸ்க்ரீன் சேவருக்குப் போய் சிக்னலை நிறுத்துகிறதா என்று பாருங்கள். நிறுத்தவில்லை என்றால் அது சூட்டால் அணைகிறது. அதற்குக் கீழே வருகிறேன்.

பட்டனை அழுத்திய பிறகு ஆள் தாமதமாகக் குதிக்கிறான்

கைக்கும் கண்ணுக்கும் நடுவே ஏதோ ஒட்டாமல் நிற்கும். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 ஆட்டத்தில் ஹடோக்கன் அடி போடத் தெரிந்தவனுக்கும் அது வராது. இந்தக் கோளாறு இருக்கும்வரை பெட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒருவரும் இரண்டாவது முறை விளையாட வரமாட்டார்கள். அதனால் இதற்கு நேரம் ஒதுக்குங்கள்.

அளந்து பார்க்கலாம். இன்றைய ஃபோன்கள் பலவற்றில் விநாடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோ மோஷன் இருக்கிறது. பட்டனும் திரையும் ஒரே சட்டத்தில் தெரியும்படி ஃபோனை நிறுத்துங்கள். பட்டனைப் பலமுறை அழுத்திப் பதிவு செய்யுங்கள். பிறகு ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்தி, விரல் பட்டனின் அடியைத் தொட்ட ஃப்ரேமிலிருந்து திரையில் ஆள் அசையும் ஃப்ரேம் வரை எண்ணுங்கள். ஒரு ஃப்ரேம் என்பது சுமார் 4 மில்லிசெகண்ட். 24 ஃப்ரேம் வந்தால் 100 மில்லிசெகண்ட் தாமதம். 60 ஹெர்ட்ஸ் ஆட்டத்தில் அது ஆறு ஃப்ரேம். கேம் மோடு போடாத டிவியில் இதற்கு மேலும் வருவதுண்டு.

இப்போது டிவியில் கேம் மோடைப் போட்டு மறுபடி எண்ணுங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால் வேலை முடிந்தது. கேம் மோடு என்று ஒன்று இல்லாத டிவியில், இன்புட்டின் பெயரைப் ‘பிசி’ என்று மாற்றிப் பாருங்கள். சாம்சங், எல்ஜி மாடல்கள் பலவற்றில் பெயரை மாற்றுவதே மெருகேற்றும் வேலைகளை நிறுத்திவிடும். அசைவை வழுவழுப்பாக்குவது, இரைச்சலைக் குறைப்பது, கான்ட்ராஸ்டைத் தானாகக் கூட்டுவது எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அணையுங்கள். அசைவை வழுவழுப்பாக்க டிவி அடுத்த ஃப்ரேம் வரும்வரை காத்திருந்து நடுவில் ஒரு பொய்ப் படத்தைச் செருகுகிறது. அந்தக் காத்திருப்பைத்தான் உங்கள் விரல் உணர்கிறது.

சிவப்பு-வெள்ளை-மஞ்சள் ஏ.வி. கேபிளில் எல்.இ.டி. டிவியை ஓட்டாதீர்கள். பின்னிப்பின்னி வரும் வரிகளை ஒன்றுசேர்க்க டிவி எடுக்கும் நேரமும் தாமதமாகிவிடும்.

‘ஜீரோ டிலே’ என்று விற்கும் யு.எஸ்.பி. பட்டன் போர்டைப் பலர் முதலில் சந்தேகப்படுகிறார்கள். அது சேர்ப்பது சில மில்லிசெகண்ட்தான். டிவியைச் சரிசெய்யாமல் போர்டை மாற்றுவது வீண் செலவு. டிவி சரியான பிறகும் கொஞ்சம் மிச்சமிருந்தால், ரெட்ரோபைக்குள் ஆட்டங்களை ஓட்டும் ரெட்ரோஆர்க்கில், தாமதத்தைக் குறைக்கும் ‘ரன் அஹெட்’ என்ற வசதியை ஒரு ஃப்ரேமுக்கு வைத்துப் பாருங்கள். அதற்குப் பையின் வேகம் போதவேண்டும். ஆட்டம் திக்கினால் எடுத்துவிடுங்கள்.

ஆட்கள் குண்டாகத் தெரிகிறார்கள், ஸ்கோர் பாதி வெட்டுப்படுகிறது

இரண்டும் வேறு வேறு கோளாறுகள், சேர்ந்தே வரும். முதலில் வெட்டுப்படுவதைச் சரிசெய்யுங்கள், வடிவத்தைப் பிறகு பார்க்கலாம்.

டிவிகள் பழைய ஒளிபரப்புக்காலப் பழக்கத்தில் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி ஓரங்களை மறைத்துவிடும். எல்ஜியில் ‘ஜஸ்ட் ஸ்கேன்’, சாம்சங்கில் ‘ஸ்க்ரீன் ஃபிட்’, வேறு சிலவற்றில் ‘1:1’ அல்லது ‘ஃபுல் பிக்சல்’ என்று இருப்பதைப் போடுங்கள். அதைச் செய்யாமல் பையின் பக்கம் ஓவர்ஸ்கேன் எண்களைக் கூட்டிக் குறைத்தால் படம் இரண்டு முறை அளவு மாறி மங்கும். டிவியைச் சரிசெய்தும் சுற்றிலும் கறுப்புப் பட்டை தெரிந்தால் மட்டும் பையின் ஓவர்ஸ்கேனை அணையுங்கள்.

பிறகு வடிவம். அந்தக்கால ஆர்கேட் மானிட்டர்கள் பெரும்பாலும் 4:3. நம் ஊரில் ‘முஸ்தபா’ என்றே எல்லோரும் அழைத்த 1993-ஆம் ஆண்டு கேப்காம் ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் படம் 384 × 224 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியையும் சதுரமாக வரைந்தால் ஏறத்தாழ 16:9 போலவே அகலமாக வந்துவிடும். டிவியை நிரப்பி அழகாக இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் வரைந்தவர்கள் 4:3 கண்ணாடியில் பார்த்து வரைந்தார்கள். அதில்தான் முகமும் கார் சக்கரமும் சரியான வடிவத்தில் இருக்கும். எமுலேட்டரில் 4:3 என்று கட்டாயப்படுத்துங்கள், டிவியை அதன் இயல்பான 16:9-இலேயே விடுங்கள். டிவி ரிமோட்டிலுள்ள 4:3-ஐயும் சேர்த்துப் போட்டால் படம் இரட்டிப்பாக ஒடுங்கும்.

பாக்மேன், காலகா, டாங்கி காங் போன்றவை திரையை நிமிர்த்திவைத்து ஆடப்பட்டவை, 3:4. படுக்கையாக இருக்கும் டிவியில் நடுவில் ஒல்லியாகத் தெரிவது கோளாறல்ல, அதுதான் சரி.

பழைய டியூப் திரையின் கறுப்பு வரிகளைப் போலக் காட்டும் ஸ்கேன்லைன் வசதியைப் போட்டால் திரையில் அகலமான பட்டைகள் ஏறி இறங்குவதுபோலத் தெரிகிறதா? மலிவான 32 இன்ச் டிவிகள் பலவும் 1366 × 768 பேனல். 224 வரியை 768-க்கு இழுத்தால் ஒவ்வொரு வரிக்கும் மூன்றேகால் சொச்சம் வரி கிடைக்கிறது. சில மூன்றாகவும் சில நான்காகவும் விழுவதால் பட்டை உண்டாகிறது. டிவி 1360 × 768-ஐ ஏற்றுக்கொண்டால் அதை அனுப்பி, எமுலேட்டரில் முழு எண் அளவீட்டைப் போடுங்கள். சரியாக மூன்று மடங்கு, 672 வரி. மேலும் கீழும் கொஞ்சம் கறுப்பு. டிவி 720 அல்லது 1080 மட்டும்தான் ஏற்கும் என்றால் ஸ்கேன்லைனை விட்டுவிடுங்கள். மங்கலான பட்டையைவிட அது இல்லாத படம் எவ்வளவோ மேல்.

ஆட்டம் மெதுவாக ஓடுகிறது, பாட்டும் கனத்துக் கேட்கிறது

பையோ கம்ப்யூட்டரோ 50 ஹெர்ட்ஸில் படம் அனுப்புகிறது. 60-க்கு எழுதிய ஆட்டம் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் நகர்கிறது. ரெசல்யூஷன் பட்டியலில் 60 ஹெர்ட்ஸ் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸாக இருப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எல்லாம் சரியாக ஓடி, மார்ட்டல் காம்பாட் மட்டும் பக்கவாட்டில் நகரும்போது விக்கினால், அந்த ஆட்டத்தின் வேகமே 54.7 ஹெர்ட்ஸ்தான். சாதாரண டிவியில் அதை முழுதாகப் போக்க முடியாது.

டிவி பெட்டிக்குள் போகவே மாட்டேன் என்கிறது

பலகை அறுத்தபின் தெரியும் கோளாறு. இன்ச் அளவு திரையின் மூலைக்கு மூலை. பெட்டிக்கு வேண்டியது ஃப்ரேமோடு சேர்ந்த அகலம். 32 இன்ச் திரையின் தெரியும் பகுதி ஏறத்தாழ 708 × 398 மி.மீ. ஃப்ரேமோடு 730-ஐ ஒட்டி வரும். இரண்டு பக்கமும் 18 மி.மீ. பிளைவுட், கை நுழைய இடம் என்று சேர்த்தால் பெட்டி 78 செ.மீ. ஆகிவிடும். பழைய பெட்டிகள் பல 25 இன்ச் அகலத்தை, அதாவது 63 செ.மீ.யை ஒட்டியவை. அந்த வரைபடத்தைப் பார்த்து அறுத்தால் 32 இன்ச் போகாது.

ஃப்ரேமைக் கழற்றினால் போகுமா என்று கேட்கிறவர்கள் பலர். மிச்சமாகும் இடம் விரல் அகலம். எடுக்கும் ஆபத்து மிகப் பெரிது. திரையின் ஓரத்தில் காகிதம்போல் மெல்லிய பட்டை ஒயர்கள் கண்ணாடியோடு ஒட்டியிருக்கும். அதில் ஒன்று மடங்கினாலும் திரையில் நிரந்தரமாக நெட்டுக்கோடு விழும், வீட்டில் சரிசெய்ய முடியாது. ஃப்ரேமை அப்படியே விட்டுவிட்டு, முன்னால் கறுப்புச் சார்ட் அட்டையை 4:3 அளவுக்கு வெட்டி மறையுங்கள்.

63 செ.மீ. பெட்டிதான் வேண்டும் என்றால் 24 இன்ச் மானிட்டர் வாங்குங்கள். அதில் 4:3 படம் 19.6 இன்ச் வரும். அந்தக்காலப் பெட்டிகளில் பரவலாக இருந்த 19 இன்ச் மானிட்டருக்கு அது சமம். 32 இன்ச் டிவியில் 26 இன்ச், பெரிய 25 இன்ச் மானிட்டருக்குச் சமம். இரண்டில் எதை எடுத்தாலும் அசலுக்கு நெருக்கமாகவே இருக்கும்.

பொருத்துவது சுவரில் மாட்டுவதற்காக டிவியின் பின்பக்கமுள்ள நான்கு துளைகளில் (வெசா துளைகள்) மட்டும். குறுக்கே ஒரு 18 மி.மீ. பலகை, அல்லது நெட்டுக்கு இரண்டு துளையிட்ட இரும்பு ஆங்கிள். துளையின் ஆழத்தை ஒரு தீக்குச்சியால் அளந்துகொண்டு, போல்ட்டை முதலில் கையால் திருகுங்கள். நீளமான போல்ட் உள்ளே போய் பேனலையோ போர்டையோ குத்திவிடும். 200 × 100 மி.மீ. இடைவெளியில் துளை உள்ள டிவியைப் பாக்மேனுக்காக நிமிர்த்திவைக்க நினைத்தால், பலகையில் இரண்டு வகைத் துளையும் முதலிலேயே போட்டுவிடுங்கள்.

மாட்டிய பிறகு மூலைகளில் வெள்ளைத் திட்டு தெரிந்தால், முன்பலகை திரையை அழுத்துகிறது. கறுப்புப் படம் ஓடும்போது திருகுகளைக் கால் சுற்றுக் கால் சுற்றாகத் தளர்த்துங்கள். திட்டு கண்முன்னே மறையும்.

படம் மங்கல், இரண்டு ஆட்டக்காரருக்கும் வேறு வேறு நிறம்

மேஜைமேல் பளிச்சென்று இருந்த படம் பெட்டிக்குள் மங்கிவிட்டதா? ரிமோட் ஒளியை வாங்கும் இடத்துக்கு அருகில் அறை வெளிச்சத்தை அளக்கும் சென்சார் இருக்கலாம். முன்பலகை அதை மூடியதும் ‘அறை இருட்டு’ என்று டிவி வெளிச்சத்தைக் குறைக்கிறது. மெனுவில் அந்த அமைப்பை அணைத்தால் போதும்.

நிறம் மாறித் தெரிவது பேனலின் குணம். டி.என். வகைப் பேனலை மேலேயிருந்தும் கீழேயிருந்தும் பார்த்தால் நிறம் வேறுபடும். நிமிர்த்திவைத்த பெட்டியில் அந்த மேல்-கீழ் இடது-வலதாகிவிடுகிறது. இதற்கு மெனுவில் மருந்தில்லை, ஐ.பி.எஸ். வகைப் பேனல்தான் வழி. படுக்கையாக வைத்த பெட்டியில் திரையைப் பின்னால் சாய்க்கும் கோணத்தைக் குறைத்தால் தெளியும். நின்று ஆடும் ஒருவரின் கண்ணுக்கு நேராகத் திரை பார்க்க வேண்டும்.

இரும்புத் தகட்டைத் தொட்டால் சுரீரென்கிறது

இதைப் பார்க்காமல் விடாதீர்கள். இரண்டு முள் பிளக் உள்ள டிவிகளிலும் அடாப்டர்களிலும் எர்த் இல்லை. உள்ளேயிருக்கும் ஃபில்டர் கப்பாசிட்டர் வழியாக மிகச் சிறிய மின்கசிவு எச்.டி.எம்.ஐ.யின் உலோகத்துக்கு வந்து, அங்கிருந்து ஜாய்ஸ்டிக் தகடுவரை போகிறது. எறும்பு கடித்ததுபோல் இருக்கும், டெஸ்டர் லேசாக மினுங்கும். கண்ட்ரோல் பேனலின் இரும்புத் தகட்டிலிருந்து ஒரு பச்சை ஒயரை மூன்று முள் பிளக்கின் எர்த்துக்கு இழுங்கள். சுவர் சாக்கெட்டில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். பழைய வீடுகளில் மூன்றாவது துளை வெறும் துளையாகவே இருப்பதுண்டு. சுரீர் என்பதைத் தாண்டிக் கையை உதறும் அளவுக்கு அடித்தால் அது வேறு கோளாறு. உடனே பிளக்கைப் பிடுங்கிவிட்டு அவரைக் கூப்பிடுங்கள், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

சூடு, சத்தம், தானாக ரீஸ்டார்ட்

சூட்டுக்குப் பெரிய வித்தை தேவையில்லை. பின்பலகையின் அடியில் காற்று உள்ளே வர ஒரு வரிசைத் துளை, மேலே வெளியேற ஒரு 120 மி.மீ. ஃபேன். அடியில் துளை இல்லாமல் மேலே ஃபேன் மட்டும் வைத்தால் பயன் இல்லை.

டிவியின் ஸ்பீக்கர் பின்னோக்கியோ கீழ்நோக்கியோ பேசுவதால் பெட்டிக்குள் முணுமுணுக்கும். சின்ன ஆம்ப்ளிஃபயரும் இரண்டு 4 இன்ச் ஸ்பீக்கரும் வைத்து, சிக்னலை டிவியின் ஹெட்ஃபோன் முனையிலிருந்து எடுங்கள். பையின் 3.5 மி.மீ. ஜாக்கில் எடுத்தால் உஸ்ஸென்ற இரைச்சல் கூடவே வரும்.

திரை மூலையில் மஞ்சள் மின்னல் குறி தெரிவதும் பை ரீஸ்டார்ட் ஆவதும் கரண்ட் பற்றாக்குறை. டிவியின் யு.எஸ்.பி. முனையிலிருந்து பைக்குக் கரண்ட் எடுத்திருப்பீர்கள். சாதாரண யு.எஸ்.பி. 2.0 முனை 500 மில்லிஆம்பியருக்கானது. பை 3-க்கு 2.5 ஆம்பியர், பை 4-க்கு 3 ஆம்பியர் வேண்டும். அதற்கென்றே உள்ள அடாப்டரை வாங்கிப் போடுங்கள். விளக்கு பட்டன்களுக்குத் தனி 5 வோல்ட் சப்ளை கொடுங்கள். சென்னைக்காரர்களுக்கு ரிச்சி தெருவில் கிடைக்காததல்ல.

பிக்சர் டியூப் டிவி வைத்திருப்பவர்களுக்கு

அந்த ஆட்டங்கள் இந்தக் கண்ணாடிக்காகவே செய்யப்பட்டவை. ஆர்கேட் மானிட்டரும் சாதாரண டிவியும் ஒரே சுமார் 15 கிலோஹெர்ட்ஸ் வேகத்தில் வரி போடுபவை. தாமதம் இல்லை, ஸ்கேன்லைனும் இயற்கையாகவே வரும். இடமும் தெம்பும் இருந்தால் நான் இதைத்தான் சிபாரிசு செய்வேன்.

ஆனால் பிளாஸ்டிக் கூட்டைக் கழற்றாதீர்கள். அழகுக்காக வெறும் டியூபைப் பெட்டியில் பொருத்தும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். அது டியூப் வேலை தெரிந்தவர்களுக்கு. கலர் டியூபில் உயர் மின்னழுத்தம் வரும் முனையான ஆனோடில் 20,000 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்ணாடி அதைத் தேக்கிவைத்திருக்கும். பவர் சப்ளையின் பெரிய கப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல். கூட்டோடு சேர்த்தே அலமாரித்தட்டில் உட்காரவையுங்கள். எடை முழுக்க முன்கண்ணாடியில் இருப்பதால் டிவி முன்னால் சாயப் பார்க்கும். தட்டின் முன்விளிம்புக்கு அடியில் இரும்பு ஆங்கிள் கொடுங்கள்.

படம் கறுப்பு-வெள்ளையாக வந்தால், பை என்.டி.எஸ்.சி. (NTSC) வகைக் கலர் சிக்னலை அனுப்புகிறது, டிவி ‘பால்’ (PAL) வகையை எதிர்பார்க்கிறது. மெனுவில் கலர் சிஸ்டத்தை ஆட்டோ அல்லது என்.டி.எஸ்.சி.க்கு மாற்றுங்கள். டிவி அதை ஏற்காவிட்டால், பையை ‘பால்’ வகைக்கு மாற்றிக் கொஞ்சம் வேகக்குறைவோடு வாழ வேண்டும்.

படமே இல்லாமல் ஸ்பீக்கரில் ர்ர்ரென்று சத்தம் வந்தால் ஏ.வி. கேபிளில் கோளாறு. பையின் ஜாக்கில் நுனியிலிருந்து எண்ணினால் இடது, வலது, எர்த், வீடியோ என்ற வரிசை. கேம்கார்டர் கேபிள்கள் பலவற்றில் வீடியோ வேறு வளையத்தில் இருக்கும். மஞ்சள் சாக்கெட்டில் சிவப்பு முனையைச் சொருகிப் பாருங்கள், படம் வரலாம். எர்த்தின் இடமே மாறிய கேபிள் என்றால் எப்படி மாற்றினாலும் வராது, வேறு வாங்குங்கள்.

மெல்லிய படுக்கைக் கோடுகள் நடுங்கினால் 480 வரி இன்டர்லேஸ், அதாவது ஒன்றுவிட்ட வரிகளாக மாறி மாறி வரும் படம் ஓடுகிறது. பையின் டிவி அமைப்பில் ப்ரோக்ரெஸிவ் வகையைத் தேர்ந்தெடுங்கள். எச்.டி.எம்.ஐ.யை ஏ.வி.யாக மாற்றும் மலிவு டப்பாக்கள் பொதுவாக இன்டர்லேஸ் மட்டுமே தரும்.

மூலையில் ஊதாவோ பச்சையோ திட்டாகப் படர்ந்தால் பக்கத்தில் ஸ்பீக்கர் காந்தம் இருக்கிறது. ஸ்பீக்கரை அரை அடியாவது தள்ளிவையுங்கள், அல்லது காந்தக் கவசம் உள்ளதை மாற்றுங்கள். திட்டு அப்படியே நின்றால் காந்தத்தை நீக்கும் டிவியின் சொந்த டீகாஸ் சுருளை வேலை வாங்க வேண்டும். பல டிவிகளில் அது குளிர்ந்த நிலையில் மெயின் சுவிட்சைப் போடும்போது மட்டும் ஓடும். ரிமோட்டில் அணைத்துப் போட்டால் ஓடாது. சுவர் சுவிட்சை அணைத்து அரை மணி நேரம் ஆறவிட்டுப் போடுங்கள். ‘டொம்’ என்று ஒரு சத்தம் கேட்கும், படம் ஒரு கணம் நடுங்கும். ஒரே முறையில் போகாவிட்டால் அதே இடைவெளி விட்டு இரண்டு மூன்று முறை செய்யுங்கள்.